இரண்டு நூல் இடப்பக்கம்

படகுத்துறையில் இறங்கி, டிக்கெட் ஜன்னலைத் தாண்டி, ஈரக் கயிறுகள் சுருட்டிக் கிடக்கும் மூலையில் திரும்பினால் ஒரு நீளமான கூடம் வரும். ஒரு காலத்தில் உப்பு மூட்டை அடுக்கிய கிடங்கு அது. இப்போது அதில் ஆறு துப்பாக்கி விளையாட்டு மெஷின்கள் சுவரோரமாக நிற்கின்றன. வாத்து, கரடி, கப்பல், பேய்வீடு, குருவி, ரயில் கொள்ளைக்காரன். ஆறும் ஐம்பது வயதைத் தாண்டியவை. கண்ணாடிக்குப் பின்னால் தகர வாத்துகள் வரிசையாக நீந்திப் போகும். துப்பாக்கியைத் தோளில் அண்டக்கொடுத்துச் சுட்டால் 'டொக்'கென்று ஒரு வாத்து மல்லாக்க விழும், மணி அடிக்கும், எண் உருளை ஒரு பல் நகரும். அடுத்த படகுக்கு அரை மணி இருக்கிறதே என்று உள்ளே நுழைகிறவர்கள், அந்தப் படகையும் அதற்கடுத்த படகையும் கோட்டைவிட்டு நிற்பது அங்கே தினசரிக் காட்சி.

வாசலில் ஒரு பலகை தொங்கும். 'இங்கே துப்பாக்கி நேர். தவறினால் உங்கள் கையைப் பார்த்துக்கொள்ளவும்.' எழுதியவர் கூடத்துக்காரர். துறை முழுக்க அவரைக் குறிக்காரர் என்றுதான் கூப்பிடும். பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையில் பத்திரமாக இருக்கிறது, அவ்வளவுதான். ஓடுகிற வாத்து பத்தையும் பத்து வெடியில் சாய்த்துவிட்டு, ஒன்றுமே நடக்காதது போல மூக்கைச் சொறிந்துகொள்வார். அந்த மூக்குச் சொறிதலில்தான் அவருடைய மொத்தத் திமிரும் இருந்தது.

அவருடைய மனைவிக்கு ரிலே அக்கா என்று பெயர். மெஷின்களின் வயிற்றுக்குள் வரிசை வரிசையாக உட்கார்ந்து 'க்ளிக் க்ளிக்'கென்று வாயடிக்கிற ரிலேக்கள் ஒவ்வொன்றின் குணமும் அவளுக்கு அத்துப்படி. எது சோம்பேறி, எது அவசரக்குடுக்கை, எது மழை வந்தால் முரண்டுபிடிக்கும் என்று காதால் கேட்டே சொல்லிவிடுவாள். கல்யாணமாகி வந்தபோது ஸ்க்ரூ டிரைவரை எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரியாதவள். இப்போது கையில் சோல்டரிங் சுட்ட தழும்பு எண்ணினால் பதினொன்று இருக்கும்.

துப்பாக்கியிலிருந்து ஏதோ கதிர் பாய்கிறது என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். ஒரு மண்ணும் பாயாது. துப்பாக்கியின் அடியிலிருந்து ஓர் இரும்புக் கை மெஷினுக்குள் நீண்டிருக்கும். அதன் நுனியில் செப்பு விரல். அந்த விரல் ஒரு பலகைமேல் ஊர்ந்துகொண்டே இருக்கும். பலகையில் செப்புப் பொட்டுகள் பதித்திருக்கும். குழல் வாத்தைப் பார்க்கும்போது விரல் வாத்தின் பொட்டில் நிற்க வேண்டும். அந்த நேரத்தில் விசையை இழுத்தால் மின்சாரம் ஓடி, ரிலே சொடுக்கி, வாத்து விழும். மெஷினுக்குக் கண்ணே கிடையாது. விரல் பொட்டில் இருக்கிறதா இல்லையா, அதற்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

விரல் நாளாவட்டத்தில் நகரும். அதனால் தினமும் கூடம் திறக்குமுன் புருஷனும் பெண்டாட்டியுமாகக் குறி கட்டுவார்கள். அவர் முன்னால் நின்று சுடுவார். அவள் பின்பக்கக் கதவைத் திறந்து, மடக்கு நாற்காலியைப் போட்டு, பாதி உடம்பை உள்ளே விட்டு உட்கார்ந்துகொள்வாள்.

"பட்டுச்சா?"

"படல," என்பாள் உள்ளேயிருந்து.

"இன்னும் ஒரு மயிரிழை இடப்பக்கம் தள்ளு."

அவள் விரலின் கழுத்தில் இருக்கிற இரண்டு திருகாணிகளைத் தளர்த்தி, ஒரு மயிரிழை தள்ளி, முடுக்குவாள்.

"இப்ப?"

'க்ளிக்.'

"பட்டுச்சு."

ஆறு மெஷினுக்கும் இதே உரையாடல்தான், பதினெட்டு வருஷமாக. இவ்வளவு காலத்தில் அவள் ஒருமுறைகூட முன்பக்கம் நின்று சுட்டதில்லை. ஆக்குகிறவளுக்கு வாசனையிலேயே வயிறு நிறைந்துவிடும் என்பார்கள், அதுபோலத்தான்.

*

வம்பு ஒரு சனிக்கிழமை, தையல்காரர் உருவத்தில் வந்தது.

துறைக்குப் பின்தெருவில் கடை வைத்திருப்பவர் அவர். வாரம் தவறாமல் வந்து கரடியைச் சுடுவார். கரடிக்கு வயிற்றில் ஒன்று, விலாவில் ஒன்று என இரண்டு விளக்கு. பட்டால் எழுந்து நின்று உறுமும். மகளுக்குப் பிரசவம் என்று ஐந்து மாதம் வெளியூர் போயிருந்தவர் அன்றைக்குத்தான் திரும்பி வந்தார். எல்லோரையும் குசலம் விசாரித்துவிட்டு, துப்பாக்கியை எடுத்து, பத்து வெடி வெடித்தார். மூன்றுதான் பட்டது. கரடி அவரை ஒரு பொருட்டாகவே மதிக்காமல் நடந்து போனது.

"அண்ணே, துப்பாக்கி இடப்பக்கம் இழுக்குது," என்றார்.

"பேரப்புள்ளையத் தூக்கித் தூக்கிக் கை சோந்து போச்சு உங்களுக்கு."

"கை நல்லாத்தான் இருக்குண்ணே. நேரா புடிச்சா படல. ஓரமா வலப்பக்கம் புடிச்சாப் படுது. வேணும்னா நீங்களே பாருங்க."

குறிக்காரர் துப்பாக்கியை வாங்கினார். பத்துக்குப் பத்து. கரடி எழுந்து எழுந்து உறுமி ஓய்ந்தது. துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மூக்கைச் சொறிந்துகொண்டார்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்."

படகுக்குக் காத்திருந்த கும்பல் கொல்லென்று சிரித்தது. தையல்காரர் சிரிக்கவில்லை. காது மடல் சிவந்துபோயிற்று.

"கோடு போட்டுப் பொழைக்கிறவன் நான். முப்பது வருஷமாக் கத்திரி புடிக்கிறேன். எது நேரு எது கோணல்னு எனக்கே சொல்லித் தர்றீங்களா? உங்களுக்கு மட்டும் படற மாதிரி வச்சிருக்கீங்க. ஊரான் சுட்டா படாது. இதுக்குப் பேரு ஏமாத்து வேலை அண்ணே."

சிரித்த கும்பல் அடங்கிவிட்டது. கூடம் திறந்த இருபத்தைந்து வருஷத்தில் அதற்குள் விழாத சொல் அது. குறிக்காரர் வாயைத் திறந்தார். அதற்குள் தையல்காரர் வெளியே போய்விட்டார்.

சொன்னதோடு நிற்கவில்லை மனிதர். உரிம அலுவலகத்தில் எழுதியும் கொடுத்துவிட்டார். திங்கட்கிழமையே நோட்டீஸ் வந்தது. வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு அதிகாரி வந்து சுட்டுப் பார்ப்பார். நேராகக் குறி பார்க்கிறவனுக்குப் பட்டால் அது விளையாட்டு. படாவிட்டால் மோசடி, கூடத்துக்குப் பூட்டு.

"வரட்டும்!" என்றார் குறிக்காரர். "வர்றது ஒரு அம்மாவாம். அந்தம்மா கண்ணு முன்னாடி நானே சுட்டுக் காட்டறேன். ஆறு மெஷின், அறுபது வெடி. அறுபதும் படும்."

"சந்தேகமில்லாம படும் அண்ணே," என்றாள் டோக்கன் ஜன்னலில் உட்கார்ந்திருந்த அவருடைய தங்கை. "நீங்க சுட்டாப் படுதுன்னுதானே அந்த ஆளு புகாரே குடுத்திருக்கான்."

நாத்தனாரின் வாய் கூடத்தில் ஏழாவது மெஷின். ஆனால் அது மட்டும் எப்போதும் குறி தவறியதில்லை.

*

ரிலே அக்காவுக்குக் கடல்காற்றின் மீதுதான் சந்தேகம். அந்த வாரம் முழுக்க ஈரக்காற்று. துவைத்த துணி காயவில்லை, ரொட்டி மேஜைமேல் இருக்கும்போதே பூசணம் பிடித்தது. உப்பும் ஈரமும் சேர்ந்தால் செப்பில் பச்சை ஏறும், திருகாணி நழுவும். செவ்வாய்க்கிழமை மதியம்வரை கூடத்துக்கு விடுமுறை. ஆறு மெஷின்களின் முதுகையும் திறந்துபோட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

முதலில் வாத்து. பொட்டுகளைச் சன்னமான உப்புத்தாளால் தேய்த்து, ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைத்தாள். விரலின் கழுத்தில் வருஷக்கணக்கான கிரீஸ் கறுத்துக் கட்டியாகிக் கிடந்தது. அதை இதுவரை யாரும் சுரண்டியதில்லை. சுரண்டினாள். உள்ளே, மெஷின் செய்தவன் கீறி வைத்த மையக்கோடு வெளியே வந்தது. விரல் அந்தக் கோட்டில் இல்லை. இடப்பக்கம் தள்ளி நின்றது. அளவுகோலை வைத்தாள். இரண்டு நூல், கால் அங்குலம்.

'அடப்பாவி, தையல்காரன் சொன்னது நெசந்தான்' என்று நினைத்துக்கொண்டு கரடிக்குப் போனாள். சுரண்டினாள், கோடு வந்தது. இடப்பக்கம், இரண்டு நூல். கப்பலிலும் இரண்டு நூல். பேய்வீட்டிலும் அதே இரண்டு நூல். குருவியையும் கொள்ளைக்காரனையும் ஒரு கடமைக்குத்தான் அளந்தாள்.

நாத்தனார் ஒரு கையில் டீயும் மறு கையில் முட்டை வைத்த ரொட்டியுமாக வந்து நின்றாள்.

"என்ன அண்ணி, பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்கீங்க? பேய்வீட்டுப் பேய் நெசமாவே வந்துடுச்சா?"

"ஆறு மெஷினும் கோணல்டி."

"காத்துக்கு நகந்திருக்கும்."

"காத்துக்கு நகந்தா ஒண்ணு இந்தப் பக்கம் போகும், ஒண்ணு அந்தப் பக்கம் போகும். ஆறும் ஒரே பக்கம், ஒரே அளவு. ஆறு சாட்சி வந்து எழுத்துப் பெசகாம ஒரே பொய்யச் சொன்னா என்ன அர்த்தம்?"

"யாரோ ஒருத்தர் சொல்லிக் குடுத்திருக்காங்கன்னு அர்த்தம்."

சொல்லிவிட்டு நாத்தனார் கடிக்கப்போன ரொட்டியை அப்படியே நிறுத்திவிட்டாள். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அண்ணன் ஏமாத்துவாரா அண்ணி?"

"உங்க அண்ணன் டீயில சக்கரை கம்மின்னாக்கூட மூஞ்சி காட்டிக் குடுத்துடும். அவராவது ஏமாத்தறதாவது!"

"அப்புறம்?"

ரிலே அக்கா அளவுகோலைக் கீழே வைத்தாள். மூளைக்குள் ஒவ்வொன்றாகச் சொடுக்கிக்கொண்டிருந்தது. 'இன்னும் ஒரு மயிரிழை இடப்பக்கம்.' ஐந்து மாதமாக, தினமும். தள்ளியது அவள் கைதான். ஒரு நாளாவது 'வலப்பக்கம்' என்று சொன்னாரா? யோசித்தாள். சொல்லவில்லை. தினமும் வந்து சுடுகிறவர்கள் துப்பாக்கியோடு சேர்ந்து தாங்களும் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்ந்துவிட்டார்கள், யாருக்கும் உறைக்கவில்லை. படகு மாறுகிற வெளியூர்க்காரன் தவறவிட்டால் சிரித்துக்கொண்டே போய்விடுவான். ஐந்து மாதம் விட்டுவிட்டு வந்த ஒரே ஆள் தையல்காரர்.

இன்னும் சில ஞாபகம் வந்தது. அவர் பேப்பரைத் தலையைச் சாய்த்துப் படிப்பது. டீயைக் கோப்பைக்கு வெளியே ஊற்றிவிட்டு, கோப்பையைத் திட்டுவது. மாடியில் அடுப்புக்கு மேலே ஒட்டிய வெள்ளை டைல்ஸைப் பார்க்கும்போதெல்லாம் மேஸ்திரியைத் திட்டுவது. டீயை வாங்கி ஒரே மடக்கில் குடித்தாள். நாக்கு பொத்துப்போனதுகூடத் தெரியவில்லை.

*

வீடு கூடத்துக்கு மேலேயே இருந்தது. மரப்படி ஏறினால் சமையலறை, அதைத் தாண்டி ஒரு படுக்கை அறை, நாத்தனாருக்கு ஒரு தடுப்பறை. மத்தியானம் உருளைக்கிழங்கை வெட்டிக்கொண்டே அவரைக் கூப்பிட்டாள்.

"என்னங்க, இங்க வாங்க. அந்தச் சுவத்து டைல்ஸைக் கொஞ்சம் பாருங்க."

"பாத்துப் பாத்து அலுத்துப் போச்சு. அடுப்புக்கு நேர் மேல கோடு உள்வாங்கிக் கெடக்கு. அந்த மேஸ்திரி தண்ணியப் போட்டுட்டு ஒட்டியிருக்கான்."

"குறி பாக்கற அந்த வலது கண்ண மூடிக்கிட்டுப் பாருங்க."

"எதுக்கு?"

"மூடுங்களேன். காசா பணமா?"

அவர் சிரித்துக்கொண்டே வலது கண்ணைப் பொத்தினார். சிரிப்பு அப்படியே நின்றது. கையை எடுத்தார். மறுபடி பொத்தினார். அடுப்பில் தண்ணீர் கொதித்து மூடி தடதடத்தது. அவள் அடுப்பை அணைக்கவில்லை. அந்தச் சத்தமாவது இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

"கோடு எப்படி இருக்கு?"

"நீ எதுக்குடி இதெல்லாம் கேக்கற?"

"எப்படி இருக்குன்னு கேட்டேன்."

"...நேராத்தான் இருக்கு."

"இப்ப இடது கண்ண மூடுங்க."

மூடினார். பிறகு நாற்காலியைக் கையால் தேடி உட்கார்ந்தார்.

"வளையுது," என்றார். "நடுவுல அழிச்ச மாதிரி இருக்கு. உம்மேல சத்தியமா, இன்னைக்கு வரைக்கும் கவனிக்கல."

"அஞ்சு மாசமா மேஸ்திரியத் திட்டறீங்க. பாவம் அந்த ஆளு."

பிறகு இரண்டு நூல் விஷயத்தைச் சொன்னாள். ஒன்றையும் மறைக்கவில்லை. அவர் முகம் முதலில் வெளுத்தது, அப்புறம் சிவந்தது.

"அப்ப நான் ஊரை ஏமாத்தினேங்கறியா?"

"நீங்க சொன்னீங்க, நான் தள்ளினேன். ஏமாத்துன்னா நான்தான் கூட்டாளி. ஆனா அது ஏமாத்து இல்ல. உங்க கண்ண நான் நம்பினேன், என் கைய நீங்க நம்பினீங்க. ரெண்டு பேரும் நம்பி நம்பியே கோணலாக்கிட்டோம்."

"குறிக்காரனுக்குக் கண்ணு போச்சுன்னா அப்புறம் நான் யாருடி?"

அவளுக்குக் கூடத்தைப் பற்றிய பயம் பெரிதாக இல்லை. கூடம் போனால் பிழைத்துக்கொள்ளலாம். சோல்டரிங் தெரிந்தவளுக்கு எந்த ஊரிலும் வேலை உண்டு. இந்த மனிதர் மூக்கைச் சொறிவதை நிறுத்திவிட்டால் என்ன செய்வது என்பதுதான் அவளுடைய கவலை. அதைத் தாங்கிக்கொள்ள அவளால் முடியாது. அவர் தலையைப் பிடித்துத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். உருளைக்கிழங்கு மண் அவர் காதில் ஒட்டியது.

"கேளுங்க. நாளைக்கு ஆறையும் நேராக்கிடறேன். வியாழக்கிழமை அந்தம்மா சுடட்டும். படும். நீங்க சுட வேணாம். தலைவலின்னு சொல்லிடுங்க. கூடமும் நிக்கும், உங்க பேரும் நிக்கும். வெள்ளிக்கிழமை கண் டாக்டர்ட்ட போவோம். ஊருக்கு ஒண்ணும் தெரிய வேணாம்."

அவர் எழுந்து படியிறங்கிப் போய்விட்டார். போகும்போது கடைசிப் படிக்கு முந்தின படியில் கால் தடுமாறியது அவளுக்குக் கேட்டது.

*

புதன்கிழமை முழுக்க அவர் படகுத்துறைக் கட்டையில் கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். ஒற்றைக் கண்ணை மூடுவதும் திறப்பதுமாக இருந்தார். டிக்கெட் கொடுப்பவர் தன்னைப் பார்த்துத்தான் கண்ணடிக்கிறாரோ என்று குழம்பிப்போய் இரண்டு தடவை வந்து விசாரித்துவிட்டுப் போனாராம்.

உள்ளே நாத்தனாரும் அண்ணியும் வேலை செய்தார்கள். கண்ணை நம்பாமல் நூலை நம்புவது என்று ரிலே அக்கா முடிவு செய்திருந்தாள். முன்கண்ணாடியைக் கழற்றி, குழலின் பின்நுனியிலிருந்து முன்நுனி வழியாக வாத்தின் கண்ணுக்கு ஒரு தையல் நூலை விறைப்பாகக் கட்டி, குழலை அந்த நூலோடு ஒட்டி நிறுத்தச் சொன்னாள். பின்னால் போய்த் திருகாணியைத் தளர்த்தி, விரலை அந்தப் பழைய மையக்கோட்டுக்குக் கொண்டுவந்தாள். நாத்தனார் விசையை இழுத்தாள். 'க்ளிக்.' முதல் தடவையே.

"அண்ணி, இந்த நூல் யார் கடையில வாங்கினது தெரியுமா?"

"தெரியும், வாயை மூடு."

"அந்த ஆளு நூலை வச்சே அந்த ஆளைப் பொய்க்காரனாக்கப் போறோம்."

ரிலே அக்கா திருகாணியை முடுக்குவதை ஒரு நொடி நிறுத்தினாள். பிறகு முன்னைவிடப் பலமாக முடுக்கினாள்.

"உங்க அண்ணன் எனக்கு முக்கியம்," என்றாள். குரலில் கொஞ்சம் வெட்கம் இருந்தது.

*

வியாழக்கிழமை பத்து மணிக்கு அதிகாரி வந்தார். தோளில் பை, காலில் மழைச் செருப்பு, முகத்தில் ஒரு தூக்கக் கலக்கம். தையல்காரரும் வந்தார், சலவைச் சட்டை போட்டிருந்தார். நாலைந்து படகுப் பயணிகள் வாசலில் வேடிக்கை பார்த்தார்கள். ரிலே அக்கா வழக்கம்போலக் கரடியின் முதுகுக்குப் பின்னால், கதவைத் திறந்துகொண்டு, தன் மடக்கு நாற்காலியில் இருந்தாள். குறிக்காரர் சுவரோரமாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

அதிகாரி வாத்தைச் சுட்டார். பத்துக்கு ஏழு. கப்பலுக்கு எட்டு. மீதி நாலிலும் அப்படியேதான். முகத்தில் தூக்கம் போய்க் கொஞ்சம் குஷி வந்துவிட்டது.

"எனக்கே இவ்வளவு படுது," என்றார். "நீங்க சுடுங்க சார்."

தையல்காரர் கரடியைச் சுட்டார். பத்துக்குப் பத்து. கடைசி உறுமல் அடங்கியதும் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு, அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

"சனிக்கிழமை இப்படி இல்லம்மா. சரி பண்ணிட்டாங்க."

"சாட்சி இருக்கா?"

"சாட்சின்னா... நான் சுட்டேன், படல."

"அப்ப புகார்ல உண்மை இல்லன்னு எழுதிக்கிறேன். இனிமே இப்படிப் பொய்ப்புகார் குடுக்காதீங்க சார். எங்களுக்கும் வேலை இருக்கு."

பலகைச் சந்து வழியாக ரிலே அக்காவுக்குத் தையல்காரருடைய கை மட்டும் தெரிந்தது. விரலில் ஊசி குத்திய காய்ப்பு, அந்தக் கை துணியில் கோடு போடுவதுபோலச் சட்டை ஓரத்தைத் தடவித் தடவி நேராக்கிக்கொண்டிருந்தது. முடிந்தது, அவ்வளவுதான், என்று அவள் தனக்குள் சொல்லிக்கொண்டாள். மூச்சு விட்டாள். அந்த மூச்சு நிம்மதியாக வரவில்லை.

"எழுதாதீங்கம்மா," என்றார் குறிக்காரர்.

அவர் கரடிக்கு முன்னால் வந்து நின்றார். துப்பாக்கியை எடுத்துத் தோளில் வைத்தார்.

ரிலே அக்காவுக்குத் திக்கென்றது. 'அறுபதும் படும்' என்று சவால்விட்ட கிறுக்கு திரும்பிவிட்டதா? அவள் கண்ணெதிரே செப்பு விரல் பலகைமேல் ஊர்ந்து வந்தது. பொட்டுக்கு வலப்பக்கம், இரண்டு நூல் தள்ளி நின்றது. விசையை இழுக்கப்போகிறார். கட்டைவிரலால் லேசாக ஒரு தட்டு, பொட்டில் ஏறிவிடும், கரடி உறுமும். உள்ளே நடப்பது ஒரு ஈ காக்கைக்குத் தெரியாது. அவள் கட்டைவிரல் செப்பைத் தொட்டேவிட்டது.

விசை இழுபட்டது. அவள் தள்ளவில்லை, தள்ளுவதற்குள் அவர் முந்திக்கொண்டார் என்பதுதான் உண்மை.

"படல," என்றார் அவர்.

பதினெட்டு வருஷமாக அவள் உள்ளேயிருந்து சொன்ன வார்த்தை. அதை அவர் வெளியே, எல்லோர் முன்னாலும், அவள் சொல்கிற அதே நிதானத்தில் சொன்னார். அவள் கையை எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள்.

"படல," என்றார் இரண்டாவதுக்கும். மூன்றுக்கும். வாசலில் நின்றவர்கள் ஒருவரும் சிரிக்கவில்லை. கரடி ஆடி அசைந்து போய்க்கொண்டே இருந்தது. பத்தும் முடிந்தது. பத்தும் படவில்லை. எண் உருளை பூஜ்யத்தில் நின்றது. அந்த மனிதர் தோளிலிருந்து துப்பாக்கியை இறக்கிவிட்டு மூக்கைச் சொறிந்துகொண்டார்.

"தையல்காரர் சொன்னது நெசம்மா. அஞ்சு மாசமா ஆறு துப்பாக்கியும் கோணல். வச்சது நான்தான், தெரியாம வச்சேன். என் வலது கண்ணு கோணலாயிடுச்சு. கோணல் கண்ணுக்கு எது நேரோ அதை நேருன்னு நெனச்சுக் கட்டிட்டேன். நேத்து என் வீட்டுக்காரி சரி பண்ணா. அதான் உங்களுக்குப் பட்டுச்சு, எனக்குப் படல."

அதிகாரி பேனாவைக் கன்னத்தில் வைத்துக்கொண்டார்.

"இதை நான் என்னன்னு எழுதறது?"

"துப்பாக்கி கோணலா இருந்துச்சு. இப்ப நேரா இருக்கு. கூடத்துக்காரன் கண்ணு கோணல். மூணையும் எழுதுங்க."

அதிகாரி எழுதினார். இனிக் குறி கட்டுவது கண் பரிசோதனை செய்துகொண்ட ஒருவராக இருக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனையும் சேர்த்து, உரிமத்தில் முத்திரை குத்தினார். கிளம்பும்போது, "கண்ணைக் காட்டறதைத் தள்ளிப்போடாதீங்க, எங்கப்பா தள்ளிப்போட்டாரு," என்று மட்டும் சொன்னார்.

தையல்காரர் போகவில்லை.

"அண்ணே, ஏமாத்துன்னு சொல்லிட்டேன். அந்த வார்த்தை..."

"உங்களுக்குப் படல, சொன்னீங்க. அதுல என்ன தப்பு? நான்தான் பழமொழி பேசினேன். கூடம் நெசமாவே கோணலா இருந்தப்ப, ஆடத் தெரிஞ்சவரைப் பாத்து இளிச்சேன்."

"ஒரு கை சுடறீங்களா அண்ணே, இடது கண்ணால?"

"இன்னைக்குப் போதும். கரடிக்கு இவ்வளவு சந்தோஷம் ஒரே நாள்ல ஆகாது."

நாத்தனார் டோக்கன் ஜன்னலுக்குள் குனிந்துகொண்டு மூக்கைச் சிந்தினாள். கேட்டால் ஈரக்காற்று என்பாள்.

*

கண் டாக்டர் கட்டம் போட்ட ஒரு தாளை நீட்டி, கோடுகள் நேராக இருக்கின்றனவா என்று கேட்டார். ரிலே அக்காவுக்கு அந்த நிலைமையிலும் சிரிப்பு வந்துவிட்டது. "எங்க வீட்டு டைல்ஸே இதைச் சொல்லிடுச்சு டாக்டர்," என்றாள். போன பார்வை திரும்புவது சந்தேகம், ஆனால் மாதம் ஒரு ஊசி போட்டால் இருப்பதைக் காப்பாற்றலாம், இடது கண் சுத்தமாக இருக்கிறது என்றார் டாக்டர். கண்ணுக்குள் ஊசியா என்று குறிக்காரர் இரண்டு நாள் சோறு தண்ணி இல்லாமல் பயந்தார். போட்டுக்கொண்டு வந்தபிறகு, எறும்பு கடித்தது போலத்தான் இருந்தது என்று துறை முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். மேஸ்திரியைத் தேடிப் போய் டீ வாங்கிக் கொடுத்தார். எதற்கென்று புரியாமலே மேஸ்திரி குடித்துவிட்டுப் போனார்.

நிபந்தனைப்படி கண் பரிசோதித்து எழுதி வாங்கியது ரிலே அக்கா.

அடுத்த வாரம், சனிக்கிழமை காலை. காற்று திரும்பி, கூடத்துக்குள் வெயில் ஒரு பாய் அகலத்துக்கு விழுந்திருந்தது. கரடி மெஷினின் பின்கதவுக்குள் குறிக்காரர் நுழைந்தார். தொந்தி இடித்தது. மடக்கு நாற்காலி முனகியது. டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டார். முன்னால், பதினெட்டு வருஷத்தில் முதல் தடவையாக, அவள் துப்பாக்கியைத் தூக்கித் தோளில் அண்டக்கொடுத்தாள். நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கரடி காட்டுக்குள்ளிருந்து வந்தது. அதன் முகத்தை இவ்வளவு நாள் அவள் முன்பக்கமிருந்து பார்த்ததேயில்லை. கொஞ்சம் அசட்டு முகம்.

விசையை இழுத்தாள்.

"பட்டுச்சா?"

"படல," என்றது மெஷினுக்குள்ளிருந்து டார்ச் கவ்விய குரல்.

"இன்னும் ஒரு மயிரிழை வலப்பக்கம் தள்ளுங்க."

திருகாணி தளர்கிற சத்தம். ஸ்க்ரூ டிரைவர் கை நழுவி விழுகிற சத்தம். ஒரு கெட்ட வார்த்தை. திருகாணி முடுக்குகிற சத்தம். பிறகு நெடுநேரம் ஒரு சத்தமும் இல்லை.

"என்னங்க?"

"ஒண்ணுமில்ல." டார்ச்சைக் கையில் எடுத்துவிட்டார் போலிருக்கிறது, குரல் தெளிவாக வந்தது. "பதினெட்டு வருஷமா இந்த இருட்டுக்குள்ளயா உக்காந்திருந்த?"

அவள் துப்பாக்கியின் கட்டையில் கன்னத்தை வைத்துக்கொண்டாள். வெளியே முதல் படகு ஊதியது.

"உங்க குரல் கேட்டுக்கிட்டே இருந்துச்சுல்ல," என்றாள். "விரலைப் பாருங்க. சுடப்போறேன்."

'க்ளிக்.' கரடி எழுந்து நின்று உறுமியது.

"பட்டுச்சு," என்றார் உள்ளிருந்து.